செருப்பை வெளியே விடாதீர்கள்

முன்பாதத்தில் நரம்பு வலி என்று வருபவர்கள் அதைச் சொல்லும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘விரலுக்குப் பின்னால கூழாங்கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கு’ என்பார்கள். ‘ரெண்டு விரலுக்கு நடுவுல சுள்ளுனு கரன்ட் அடிக்குது’ என்பார்கள். ‘ராத்திரியானா ரெண்டு உள்ளங்காலும் திகுதிகுன்னு எரியுது’ என்பார்கள். கேட்பவர்களிடமும் பதில் தயாராக இருக்கும். உடம்புச் சூடு என்பார் ஒருவர், வாதம் என்பார் இன்னொருவர், சர்க்கரை வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிடுவார் மூன்றாமவர். விளக்கெண்ணெய் தடவியும் மருதாணி அரைத்துப் பூசியும் பார்த்துவிட்டு, அடங்காதபோது மருந்துக்கடையில் ‘நரம்பு மாத்திரை’ வாங்குகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் நரம்பு ஊசி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன முதல் இரண்டு வாக்கியங்களும் பெரும்பாலும் ஒரே நோயைச் சுட்டுகின்றன. மூன்றாவது முற்றிலும் வேறொன்று. முதல் இரண்டுக்கும் காரணம் காலுக்குக் கீழே, செருப்பிலேயே இருக்கலாம். மூன்றாவதற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கலாம், சாப்பாட்டில் இருக்கலாம், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையில்கூட இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுப்பதால் வலி தள்ளிப்போகிறதே தவிர, காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை.

எலும்புகளுக்கு நடுவே ஒரு நரம்பு

உள்ளங்காலில் விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சதைமேட்டுக்கு அடியில், ஐந்து நீள எலும்புகளின் தலைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து எலும்புகளை ஒரு தசைநார் குறுக்கே கட்டி வைத்திருக்கிறது. விரல்களுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் அந்தத் தசைநாருக்கு அடியில் புகுந்து போய், இரண்டிரண்டாகப் பிரிகின்றன. குதிகால் உயர்ந்து, விரல்கள் மேல்நோக்கி வளையும் ஒவ்வொரு அடியிலும் நரம்பு இழுபட்டு, தசைநாரின் விளிம்பில் அழுந்துகிறது. வருடக்கணக்கில் இப்படி அழுந்தும்போது நரம்பைச் சுற்றியுள்ள உறை தடித்துத் தழும்பாகிறது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில்தான் இது அதிகம். உள்ளங்காலின் இரண்டு பெரிய நரம்புகளிலிருந்தும் கிளைகள் வந்து சேரும் இடம் அது. அதனால் அங்கே நரம்பு பருமனாக இருக்கிறது என்று பாடநூல்கள் விளக்குகின்றன.

இதற்கு மார்ட்டன் நியூரோமா என்று பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறுவை மருத்துவராக இருந்த தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் 1876-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நான்காவது விரலின் மூட்டருகே நரம்பு நசுங்குகிறது என்று கருதிய அவர், அந்த மூட்டையே வெட்டியெடுப்பதைத் தீர்வாகச் சொன்னார். பெயர் அவருக்குப் போனாலும், முதலில் கவனித்தவர் அவர் இல்லை. விக்டோரியா மகாராணியின் பாத மருத்துவரான லூயிஸ் டர்லாக்கர் 1845-லேயே இந்த வலியை விவரித்திருந்தார். அதற்கும் முன்பு, 1835-ல், இத்தாலிய உடற்கூறியலாளர் பிலிப்போ சிவினினி ஒரு சடலத்தின் பாதத்தில் இந்த நரம்பு வீக்கத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். நியூரோமா என்றதும் புற்றுநோயோ என்று பயப்படுபவர்கள் உண்டு. இது கட்டியே அல்ல. அழுத்தத்தால் தடித்த நரம்பு, அவ்வளவுதான்.

இதன் அடையாளம் தெளிவானது. பெரும்பாலும் ஒரு காலில், குறிப்பிட்ட இரண்டு விரல்களுக்கு நடுவே வலிக்கும். நடக்கும்போதும் இறுக்கமான ஷூ போட்டிருக்கும்போதும் வலி ஏறும். ஷூவைக் கழற்றி விரல்களைப் பிடித்துவிட்டால் சற்று நேரத்தில் தணியும். மருத்துவர் ஒரு கையால் முன்பாதத்தைப் பக்கவாட்டில் அழுத்தி, இன்னொரு கையின் விரலால் அடியிலிருந்து அமுக்கினால் ‘க்ளிக்’ என்று ஓர் அசைவு தட்டுப்படும். ஜேக்கப் மல்டர் என்ற நெதர்லாந்து மருத்துவர் 1951-ல் சொன்ன சோதனை இது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஸ்கேன் தேவைப்படும்போது எடுக்கலாம். ஆனால், வலியே இல்லாதவர்களின் பாதத்திலும் எம்ஆர்ஐ படத்தில் தடித்த நரம்பு தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து நோயை முடிவுசெய்யக் கூடாது.

நீளம் மட்டும் பார்க்கும் அளவு

மார்ட்டன் நியூரோமா ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் நடுத்தர வயதில், அதிகம் வருகிறது. குதி உயர்ந்த, முனை குறுகிய காலணிகளுக்கு இதில் பங்கு இருப்பதாக மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். குதி உயர உயர உடல் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. முனை குறுகும்போது ஐந்து எலும்புத் தலைகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் நரம்புக்கு இடமில்லாமல் போகிறது.

இந்தியர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கேடு இருக்கிறது. நம் கடைகளில் இருக்கும் காலணி அளவுகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் சற்று அகலமானது என்று அந்த ஆய்வு சொன்னது. அகலம் போதாததால் பலர் தேவைக்கு மேல் நீளமான காலணியை வாங்கிப் போடுகிறார்கள் என்பதும் தெரியவந்தது. இதை வைத்து, பாரதத்தின் முதலெழுத்தில் ‘பா’ என்ற பெயரோடு, எட்டு அளவுகள் கொண்ட இந்தியக் காலணி அளவுமுறை ஒன்று முன்வைக்கப்பட்டது. உலகச் சந்தைக்குக் காலணி தைத்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இருக்கும் மாநிலம் இது. இங்கேயே பெரும்பாலான கடைகளில் ‘எட்டா, ஒன்பதா?’ என்று நீளத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

நம் ஊரில் எல்லோரும் ஷூ போடுவதில்லை, திறந்த செருப்புதானே போடுகிறோம் என்று கேட்கலாம். முனை நெருக்கும் பிரச்சினை செருப்பில் குறைவுதான். ஆனால், அடி தேய்ந்து மெலிந்த ரப்பர் செருப்போடு டைல்ஸ் தரையிலும் சிமெண்ட் சாலையிலும் நாளெல்லாம் நின்றால், எலும்புத் தலைகளுக்கு அடியில் விழும் அழுத்தத்தைத் தாங்க இடையில் எதுவும் இருப்பதில்லை.

இங்கேதான் மருத்துவமனை வாசல்களில் தொங்கும் பலகை நினைவுக்கு வருகிறது. ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற அந்தப் பலகை சுத்தத்துக்காக வைக்கப்பட்டது, அதில் தவறில்லை. விளைவு என்னவென்றால், பாத வலிக்கு வரும் நோயாளியின் செருப்பை மருத்துவர் பார்ப்பதே இல்லை. அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, விரல்கள் எங்கே அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கிறது, முனை எவ்வளவு குறுகல் என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே சாட்சி வெளியே கிடக்கிறது. முன்பாத வலிக்குப் போகிறவர்கள் தினமும் போடும் காலணியை ஒரு பையில் போட்டு உள்ளே எடுத்துச் செல்லலாம்.

மார்ட்டன் நியூரோமாவுக்கு முதல் சிகிச்சையும் காலணிதான். முனை அகன்ற, குதி தாழ்ந்த, அடி மெத்தென்ற காலணிக்கு மாறினாலே பலருக்கு வலி குறைகிறது. எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பஞ்சுத் திண்டு வைத்தால் எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்தால் வலி கூடும். இதில் கேட்காதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. அதிலும் கேட்காத சிலருக்கே அறுவை சிகிச்சை. நரம்பை எடுத்துவிட்டால் அந்த விரலிடுக்கு நிரந்தரமாக மரத்துவிடும். வெட்டிய முனையில் மறுபடியும் வலிக்கட்டி உருவாகும் வாய்ப்பும் உண்டு என்பதால், மருத்துவர்கள் இதைக் கடைசியாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு காலும் எரிந்தால்

இரண்டு பாதங்களும் ஒரே அளவில் எரிகின்றன. விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. நடக்கும்போதைவிடப் படுத்தபின் அதிகமாகிறது. போர்வை பட்டால்கூட வலிக்கிறது என்றால், அது ஒரு விரலிடுக்கில் நசுங்கிய நரம்பின் வேலை அல்ல. உடலிலேயே நீளமான நரம்புகளின் நுனி காலில் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் கேடுகள் பலவும் முதலில் அந்த நுனியைத்தான் தாக்குகின்றன.

அந்தக் கேடுகளில் முதலிடம் நீரிழிவுக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு இருந்தது. இரண்டாம் வகை நீரிழிவில், நோய் கண்டறியப்படும் நாளிலேயே சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் முதல் நாளிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டு நெறிகள். சோதனைக்குத் தேவையானவை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் மட்டுமே. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நீரிழிவில் வலி குறைவதை எல்லோரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். நரம்பு குணமானாலும் வலி நிற்கும். நரம்பு செத்தாலும் வலி நிற்கும். எரிச்சல் போய் மதமதப்பு வந்திருந்தால், முள் குத்துவதும் சூடு படுவதும் தெரியாத கட்டத்துக்குப் பாதம் போய்விட்டது என்று அர்த்தம். கவனிக்கப்படாத கொப்புளம் புண்ணாகி, புண் எலும்புவரை போய், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க நேர்வது இந்த வழியில்தான்.

சேலத்துக்காரர் கண்ட எரிச்சல்

உள்ளங்கால் எரிச்சலின் வரலாற்றில் தமிழகத்துக்கு முக்கியமான இடம் உண்டு. சேலத்தில் 1918-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரான சி.கோபாலன், 1946-ல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். சத்துக் குறைந்த சாப்பாட்டில் வாழும் ஏழைகளுக்கு இரவில் பாதம் தாங்க முடியாமல் எரிவதையும், பி தொகுதியைச் சேர்ந்த பாண்டோதெனிக் அமிலம் கொடுத்தபோது அது தணிந்ததையும் அவர் பதிவுசெய்தார். 1826-லேயே இதை விவரித்திருந்த கிரியர்சனையும் சேர்த்து, மருத்துவ நூல்கள் இதை ‘கிரியர்சன்–கோபாலன் நோய்க்குறி’ என்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாம்களில் பட்டினி கிடந்த போர்க் கைதிகளும் இதே எரிச்சலால் தூக்கமின்றித் தவித்தார்கள்.

அன்றைய பட்டினி இன்று அவ்வளவாக இல்லை. வைட்டமின் குறைபாடு வேறு வழிகளில் வருகிறது. நீரிழிவுக்கு வருடக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். இறைச்சி, மீன், முட்டை தொடாத, பாலும் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும் அது குறையலாம். ஆக, சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்குச் சர்க்கரையும் காரணமாகலாம், அதற்குச் சாப்பிடும் மருந்தும் காரணமாகலாம். ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. நெடுநாள் குடிப்பழக்கம் நரம்பைக் கெடுக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை வைட்டமின் பி6-ஐக் குறைத்து நரம்பைத் தாக்கும் என்பதால், அதோடு பி6 மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. புற்றுநோய் மருந்துகள் சிலவும் இதே வேலையைச் செய்யும்.

குறைந்தால் கேடு தரும் அதே பி6, கூடினாலும் கேடு தரும். 1983-ல் ஹெர்பர்ட் ஷாம்பர்க் தலைமையிலான மருத்துவர்கள், மிக அதிக அளவில் பி6 சாப்பிட்டதால் கால் மரத்து நடை தடுமாறிய 7 பேரைப் பற்றி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். ‘வைட்டமின்தானே, அதிகமானால் என்ன?’ என்று மருந்துச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் நரம்பு மாத்திரை விழுங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எரிச்சலுக்காகச் சாப்பிட்ட மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாகிவிடலாம்.

கொல்லிமலையில் பிறந்தவர் சொன்ன பாடம்

உள்ளங்கால் நரம்பு பற்றிப் பேசும்போது தொழுநோயைத் தவிர்க்க முடியாது. தேசிய அளவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005-ல் எட்டியது. அதன் பிறகும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்குப் பின்னால் ஓடி உள்ளங்காலுக்குப் போகும் நரம்பைத் தொழுநோய்க் கிருமி அடிக்கடி தாக்குகிறது. உள்ளங்கால் மரத்து, எங்காவது உணர்ச்சியற்ற தேமலும் இருந்தால் உடனே சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். முழுமையாகக் குணப்படுத்த முடியும்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகி விழுகிறது என்றே அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பினார்கள். உணர்ச்சி போன இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணை உண்டாக்குகிறது என்று பிராண்ட் காட்டினார். வேலூரிலும் அருகில் உள்ள கரிகிரியிலும் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்புகள் நோயாளிகளுக்குத் தைத்துக் கொடுக்கப்பட்டன. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், காலோடு ஒட்டிப் போட்டு நடக்கவிடும் மாவுக்கட்டு முறையை அங்கே கொண்டுசென்றார். பின்னர் அது நீரிழிவுப் புண்ணுக்கும் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் எம்சிஆர் (நுண்ணறை ரப்பர்) செருப்பும் இந்த மரபில் வந்ததுதான்.

வேறு இடத்தில் இருக்கும் காரணம்

முன்பாதத்தில் வலித்தாலும் கோளாறு மேலே இருக்கலாம். இடுப்பு முதுகெலும்பில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி, பாதத்தில் வந்து நிற்கும். இருமினாலோ குனிந்தாலோ அதிகமாகும். கணுக்கால் உட்புறத்தில் நரம்பு நெருக்கப்பட்டாலும் உள்ளங்கால் எரியும். அந்த இடத்தைத் தட்டினால் விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். நரம்பே சம்பந்தப்படாத காரணங்களும் உண்டு. பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம். அதிகத் தூரம் ஓடியவருக்கோ அணிவகுப்புப் பயிற்சி எடுத்தவருக்கோ ஒரே எலும்பில் வலித்தால் நுண்முறிவு. இவற்றில் எதற்கும் நரம்பு மாத்திரை மருந்தாகாது.

வேலையும் இந்தக் கணக்கில் வர வேண்டும். நாள் முழுக்க நிற்பது மட்டுமே நரம்பைக் கெடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஏற்கெனவே அழுந்தும் நரம்புக்கு ஓய்வு கொடுக்காமல் வலியை வளர்ப்பது அதுதான். கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 2018-ல் கேரளம் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது. சட்டம் வந்த பிறகும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட நின்றுகொண்டே இருக்கும் விற்பனைப் பெண்களைப் பெரிய கடைகளில் பார்க்க முடிகிறது. நாற்காலி போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதில் உட்கார விடுகிறார்களா என்றும் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நோயாளி மருத்துவரிடம் போகும்போது நான்கு செய்திகளைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு காலா, இரண்டு காலுமா? எந்த விரல்களுக்கு நடுவே? நடந்தால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா? சாப்பிடும் மற்ற மருந்துகள் என்னென்ன? காலில் புண், திடீர் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, ஒரு கால் மட்டும் குளிர்ந்து நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரசின் பங்கு இதைவிடப் பெரிது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. மாத்திரை கொடுக்கும் அதே ஊழியரிடம் நைலான் இழையையும் கொடுத்துப் பயிற்சி அளித்தால், பாதச் சோதனையும் வாசலுக்கே வந்துவிடும். கொஞ்சம் பயிற்சியும் சில நிமிடங்களும் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும், கரிகிரியில் இருப்பதுபோல், அளவெடுத்துச் செருப்பு தைக்கும் பிரிவு ஒன்றும் வேண்டும். காலணிப் பெட்டியின் மேல் நீளத்தோடு அகலத்தையும் அச்சிட வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டாயமாக்க வேண்டும். சுகாதாரத் துறை ஓர் உத்தரவையாவது உடனே போடலாம்: கால் எரிச்சல் என்று வரும் எவருக்கும், இரண்டு பாதங்களையும் தொட்டுச் சோதித்து நோயாளியின் குறிப்பேட்டில் எழுதாமல், வைட்டமின் ஊசி போடக் கூடாது.